பச்சை உடம்பும் இனிப்பு ஆசையும்: பிள்ளை பெற்ற அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளைச் சுமந்தபோது ஏறிய எடையில் ஒன்பது கிலோவை இறக்காமலேயே இரண்டாவது பிள்ளையைச் சுமந்தேன். அவன் பிறந்த பிறகு எடையைக் குறைக்கலாம் என்று உட்கார்ந்தபோது சோற்றின் அளவும் சாயங்கால நடையும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. வராதது இனிப்பு ஒன்றுதான். பிறந்த ஊர் தூத்துக்குடி. பக்கத்தில் திருநெல்வேலி அல்வா, கோவில்பட்டி கடலை மிட்டாய், ஊருக்குள்ளேயே மக்ரூன். தப்பித்துப் போக இடமில்லை.

தங்கைகளும் தோழிகளும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்தது, டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது, பட்டு அறிந்தது, அவ்வளவுதான். இடையில் 'சீனி' என்று எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள், எங்கள் பக்கம் சர்க்கரைக்கு அதுதான் பெயர்.

கல்யாணத்துக்கு முன்பு எனக்கு இனிப்பே பிடிக்காது. குழந்தை பிறந்ததிலிருந்து நாக்கு இனிப்பையே கேட்கிறது. ஏன் இப்படி?

முதல் காரணம் வெறும் பசி. தாய்ப்பால் சுரக்க உடம்புக்கு நிறைய சக்தி செலவாகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரியும், அடுத்த ஆறு மாதம் 520 கலோரியும் கூடுதலாகத் தேவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாடு அது. அதைச் சாப்பாடாகக் கொடுக்காமல் விட்டால், உடம்பு சீக்கிரம் கிடைக்கிற சக்தியைக் கேட்கும். இனிப்பைவிடச் சீக்கிரம் கிடைப்பது எது?

இரண்டாவது தூக்கம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது, வயிறு நிறைந்தது என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கும் ஒருத்திக்கு மறுநாள் கத்தரிக்காய்ப் பொரியல் மேல் ஆசை வராது.

மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. அது நம் பத்தியம். பத்தியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் அதில்தான் வருகின்றன. ஆனால் பல வீடுகளில் நடப்பது வேறு. பருப்பு வாயு, முட்டை சூடு, தேங்காய் ஆகாது, காரம் குழந்தைக்குச் சேராது, பழம் சளி என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வருவார்கள். கடைசியில் மிஞ்சுவது ரொட்டி, ரஸ்க், இட்லி, பால், சீனி. நாற்பது நாள் இதையே சாப்பிட்டால் நாக்கு வேறெதைக் கேட்கும்? என் மூத்தவள் பிறந்தபோது இட்லிக்குச் சீனி தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன். அவளுக்கு நாலு வயதாகும்வரை அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆக, மனக்கட்டுப்பாடு இல்லாதவள் என்று உங்களையே திட்டிக்கொள்வதை முதலில் நிறுத்துங்கள்.

"இனிப்பு சாப்பிட்டால்தான் பால் ஊறும்" என்று அம்மா சொல்கிறார். நிறுத்தினால் பால் குறையுமா?

குறையாது. குழந்தை எவ்வளவு அடிக்கடி குடிக்கிறதோ, மார்பு எவ்வளவு காலியாகிறதோ, அதைப் பொறுத்துத்தான் பால் சுரக்கிறது. தாய்ப்பாலில் இனிப்பு இருப்பது உண்மை. 100 மில்லியில் ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. ஆனால் அதை உடம்பு தானே தயாரித்துக்கொள்கிறது. நீங்கள் லட்டு சாப்பிட்ட நாளிலும் சாப்பிடாத நாளிலும் அதன் அளவு பெரிதாக மாறுவதில்லை.

பால் குறையக்கூடியது வேறு ஒன்றால்: எடை குறைக்கிறேன் என்று சாப்பாட்டையே பாதியாக வெட்டுவதால். இதை அம்மாவிடம் சொல்லும்போது "சீனியை மட்டும்தான் குறைக்கிறேன், சாப்பாட்டை இல்லை" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர்களுடைய பயம் நீங்கள் பட்டினி கிடப்பீர்கள் என்பதுதான்.

பிரசவம் முடிந்து எத்தனை நாளில் எடை குறைக்க ஆரம்பிக்கலாம்?

குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், ரத்தம் எல்லாம் சேர்த்துப் பிரசவத்தன்றே 5, 6 கிலோ இறங்கிவிடும். அடுத்த சில வாரங்களில் உடம்பில் தேங்கிய நீரும் வெளியேறும். அதுவரை தராசைப் பரணில் போடுங்கள். ஆறாவது வாரப் பரிசோதனை முடியட்டும், ஆபரேஷன் என்றால் டாக்டர் சொல்லட்டும். அதற்குப் பிறகும் வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்கப் பார்க்க வேண்டாம். பதினாறு மணி நேர விரதம், வெறும் ஜூஸ், ஒரு வேளைச் சாப்பாடு போன்றவையெல்லாம் பால் மட்டுமே குடிக்கும் குழந்தையை வைத்துக்கொண்டு செய்கிற காரியம் இல்லை.

ஆனால் டீயில் சீனியைக் குறைக்க ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம். அதை இன்றைக்கே செய்யலாம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி வரை பரவாயில்லை?

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது: நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு இவற்றிலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது. அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், ஆறு ஸ்பூன். முழுப் பழத்தில் இருக்கும் இனிப்பும் பாலில் இயல்பாக இருக்கும் இனிப்பும் இந்தக் கணக்கில் வராது.

ஆறு ஸ்பூன் தாராளம் போலத் தோன்றும். என் கணக்கைச் சொல்கிறேன். டீக்கு 2 ஸ்பூன், நாளைக்கு 5 டீ. பிள்ளை பெற்ற வீட்டில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் போடும்போது நமக்கும் ஒரு டம்ளர் வந்துவிடும். ஆக 10 ஸ்பூன். ஸ்பூனுக்கு 4 கிராம் வைத்தாலும் 40 கிராம், 160 கலோரி. இன்னும் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தொடவில்லை. நான் லட்டையும் அல்வாவையும்தான் எதிரியாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவை வாரத்தில் இரண்டு தடவை வருகிற விருந்தாளிகள். டீ சீனிதான் வீட்டோடு குடியிருந்தது.

டீயில் சீனியை எப்படிக் குறைப்பது? சீனி இல்லாத டீ மருந்து மாதிரி இருக்கிறது.

ஒரே நாளில் நிறுத்தினால் மருந்து மாதிரித்தான் இருக்கும். மூன்று நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவீர்கள். நான் செய்தது இது: இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி ஒரு வாரம், பிறகு ஒன்றாக்கி இரண்டு வாரம், பிறகு அரை. அரையில் நின்றுவிட்டேன், சுழியத்துக்குப் போகவில்லை, போகவும் ஆசையில்லை. இஞ்சியோ ஏலக்காயோ தட்டிப் போட்டால் குறைவது அவ்வளவாகத் தெரியாது. எண்ணிக்கையையும் 5-லிருந்து 3 ஆக்கினேன். இரண்டு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டில் கொடுத்த டீ பாயசம் மாதிரி இருந்தது. நாக்கு பழகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஸ்பூன் விஷயத்தில் ஒன்று: வீட்டில் சீனி டப்பாவில் கிடப்பது டீ ஸ்பூன்தானா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் குழம்புக் கரண்டியின் தம்பி மாதிரி ஒன்று கிடந்தது.

சீனிக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் சேர்க்கலாம்தானே? அது உடம்புக்கு நல்லதுதானே?

உடன்குடிக் கருப்பட்டிக்கு எதிராக எழுத எனக்குக் கை வராது. ருசியில் சீனி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. ஆனால் எடை என்று வரும்போது கருப்பட்டியும் வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். 100 கிராம் சீனியில் ஏறத்தாழ 400 கலோரி, அதே அளவு வெல்லத்தில் சுமார் 380. வித்தியாசம் அவ்வளவுதான். "கருப்பட்டிதானே" என்று இன்னொரு துண்டு போடுகிற இடத்தில்தான் நாம் ஏமாறுகிறோம். பிடித்தால் கருப்பட்டியே போடுங்கள், ஆனால் அந்த ஆறு ஸ்பூன் கணக்குக்குள் போடுங்கள்.

தேனும் அப்படியே. அதோடு, தேனை ஒரு வயது முடியாத குழந்தையின் நாக்கில் தடவவே கூடாது. அரிதாக என்றாலும் பொட்டுலிசம் என்ற கடுமையான நஞ்சேற்றம் அதிலிருந்து வரலாம்.

பிரசவ லேகியம்?

நெல்லிக்காய் அளவு என்று சொல்லித்தான் பாட்டிமார் கொடுத்தார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் போட்டுக் கருப்பட்டியும் நெய்யும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறியது. அளவு நெல்லிக்காயாக இருக்கும்வரை அது லேகியம். ராத்திரி டப்பாவைத் திறந்து ஸ்பூனால் வழித்தால் அது அல்வா. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். கர்ப்பத்தில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மால்ட் பானப் பாட்டில் வாங்கி வருகிறார்கள். தாய்மாருக்கென்றே விற்பதும் இருக்கிறது. குடிக்கலாமா?

பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்க்கப்பட்ட பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரை எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப் என்று வேறு பெயர்களிலும் இருக்கும். 100 கிராமுக்கு 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' எத்தனை கிராம் என்ற எண்ணும் இருக்கும். ஒவ்வொரு தயாரிப்புக்கும் இது மாறும், அதனால் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய விற்பனைத் தளங்களைக் கேட்டுக்கொண்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒன்று வரையறுக்கப்படவே இல்லை என்பதுதான் காரணம்.

பால் குடிக்க வேண்டுமென்றால் பாலைக் குடியுங்கள். மஞ்சளும் மிளகும் தட்டிப் போடுங்கள், அல்லது வீட்டில் அரைத்த, இனிப்பு சேராத சத்துமாவைக் கஞ்சியாக்கிக் கொஞ்சம் உப்பும் மோரும் விட்டுக் குடியுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு நல்லதுதான், ஆனால் அதில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. மேலே சீனி போட வேண்டாம்.

காலையில் என்ன சாப்பிட்டால் இனிப்பு ஆசை குறையும்?

எனக்குப் பிடித்த கேள்வி. என்னிடம் மாற்றத்தைக் கொண்டுவந்தது காலைச் சாப்பாடு ஒன்றுதான்.

அதுவரை என் காலை இப்படி இருந்தது: ஆறு மணிக்கு டீயும் ரஸ்க்கும். குழந்தையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, பால் கொடுத்துத் தூங்கவைத்து நிமிரும்போது மணி பத்தரை. ஆறிய இட்லி நாலு, நின்றபடி. பன்னிரண்டு மணிக்குக் கை தானாகப் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். மாவும் சீனியும் மட்டும் உள்ளே போனால் ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென ஏறி, அதே வேகத்தில் இறங்கும். இறங்கும்போது கை நடுங்குகிற மாதிரி ஒரு பசி வருமே, அதைத்தான் இனிப்பு ஆசை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

புரதம்தான் இதைக் கட்டுப்படுத்துகிறது. பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளைக்கு ஏறத்தாழ 63 கிராம் புரதம் தேவை என்கிறது அதே 2020 பரிந்துரை. நாலு இட்லியில் 8 கிராம் தேறினால் அதிகம். இரண்டு முட்டையில் 12 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம். நான் இரண்டு இட்லியைக் குறைத்துவிட்டு இரண்டு அவித்த முட்டை சேர்த்தேன். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு அதிகமாகப் போட்ட அடை, பாசிப்பயறு தோசை, சுண்டல், கெட்டித் தயிர் என்று எத்தனையோ இருக்கிறது. பருப்பு சாப்பிட்டால் குழந்தைக்கு வயிறு உப்பும் என்பார்கள். ஒருநாள் சாப்பிட்டுப் பாருங்கள். குழந்தை வழக்கம்போல இருந்தால் தொடருங்கள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் எதுவும் ஆகவில்லை. முட்டையின் மேல் மட்டும் ஒன்றரை மாதம் என் அத்தைக்குச் சந்தேகம் இருந்தது.

நேரமும் முக்கியம். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், குழந்தையைக் குளிப்பாட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். "முதலில் பிள்ளை, அப்புறம் நான்" என்று தள்ளினால் பத்தரை மணிதான். பத்தே நாளில் அந்தப் பன்னிரண்டு மணிப் பிஸ்கட் எனக்குத் தேவைப்படவில்லை. நம்ப முடியாமல் டப்பாவைத் திறந்து பார்த்தேன், பிஸ்கட் அப்படியே இருந்தது.

ராத்திரி 2 மணிக்குப் பால் கொடுக்க எழும்போது பயங்கரமாக இனிப்பு வேண்டும்போல இருக்கிறது.

அந்த நேரத்தை நான் நன்றாக அறிவேன். வீடே தூங்கும். குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்துப் படுக்கவைத்த பிறகு, அடுக்களையில் விளக்கைக்கூடப் போடாமல் கடலை மிட்டாய்ப் பாக்கெட்டைச் சத்தம் வராமல் பிரித்திருக்கிறேன். நாள் முழுக்க எனக்கென்று கிடைத்த ஐந்து நிமிடம் அதுதான். இனிப்பு மட்டும் அல்ல, அந்தத் தனிமையும் வேண்டியிருந்தது என்று பிறகுதான் புரிந்தது.

பால் கொடுக்கத் தொடங்கியதும் தாகம் எடுக்கும், அது இயல்பு. தாகமும் பசி மாதிரியே நடிக்கும். அதனால் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வையுங்கள். கூடவே ஒரு சின்ன டப்பாவில் வறுத்த நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ, ஒரு வாழைப்பழமோ. உண்மையிலேயே பசியாக இருந்தால் அதைச் சாப்பிடுங்கள், தப்பே இல்லை. ராத்திரியும் உடம்பு வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அடுக்களைவரை நடந்து போவதுதான் ஆபத்து. போனால் கை வெறுமனே திரும்பாது.

இன்னொன்று, வீட்டுக்காரரிடம் ஒரு பங்கைக் கொடுங்கள். விடிகாலையில் பால் கொடுத்த பிறகு ஏப்பம், துணி மாற்றுவது, தோளில் போட்டு நடப்பது எல்லாம் அவர் வேலை என்று வைத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூக்கம் கிடைக்கும். மறுநாள் இனிப்பு ஆசை பாதியாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இதைக் கேட்டு வாங்க எனக்கு இரண்டாவது பிள்ளைவரை ஆனது.

சாயங்காலம் நாலு மணிக்கு?

சுண்டல். அல்லது மோர், பொரி கடலை, கொய்யாக்காயில் மிளகாய்ப்பொடி. காரமும் புளிப்பும் போனால் நாக்கு இனிப்பை மறந்துவிடுகிறது, எனக்கு அப்படித்தான். டீயோடு பிஸ்கட் தொட்டுச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் பாக்கெட்டோடு உட்காராதீர்கள். இரண்டை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டுப் பாக்கெட்டை உள்ளே வைத்துவிட்டு வாருங்கள்.

பழம் சாப்பிட்டால் எடை கூடுமா? பேரீச்சம்பழம்?

முழுப் பழமாகச் சாப்பிட்டால் கவலை வேண்டாம். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு எல்லாம் நார்ச்சத்தோடு வருகின்றன. பிரசவத்துக்குப் பின் வரும் மலச்சிக்கலுக்கும் நல்லது. சாறாகப் பிழிந்தால் மட்டும் அது சீனித் தண்ணீர்க் கணக்கில் போய்விடும். பேரீச்சம்பழம், தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலேயே தருகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் எதையாவது இனிப்பாகக் கடிக்காமல் இருக்க முடியாதவர்களுக்கு இரண்டு பேரீச்சை நல்ல வழி. இரண்டு. கிண்ணத்தோடு அல்ல.

சீனிக்குப் பதில் சுகர்ஃப்ரீ மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: எடையைக் கட்டுப்படுத்த இந்தச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம், நீண்டகாலத்தில் அதனால் உடல் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை. சாக்கரின், சுக்ரலோஸ் போன்றவை சிறிய அளவில் தாய்ப்பாலுக்கும் போகின்றன. எனக்கு இருக்கும் ஆட்சேபம் வேறு. நாக்கு பழகிய இனிப்பின் அளவு அப்படியே இருக்கிறது, அதனால் மாத்திரை தீர்ந்த அன்றே சீனி டப்பா திறக்கும்.

எனக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது. பிரசவத்தோடு போய்விட்டது என்றார்கள். இப்போது இனிப்பு சாப்பிடலாமா?

பிரசவத்துக்குப் பின் பலருக்கு அது இறங்கிவிடுவது உண்மை. ஆனால் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குப் பல மடங்கு அதிகம். பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையை மறுபடி செய்துகொள்ள வேண்டும். நம்மில் பெரும்பாலோர் இதைத் தவறவிடுகிறோம். குழந்தையின் தடுப்பூசி அட்டையில் ஒரு நாள்கூட மறக்காத அதே அம்மா, தன் பரிசோதனையை ஆறு மாதம் தள்ளிவைப்பாள். தடுப்பூசி போடப் போகிற அன்றே இதையும் முடித்துவிடுங்கள். அதன் பிறகும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் கொடுப்பதும் ஏறிய எடையை இறக்குவதும் அந்த ஆபத்தைக் குறைக்கும். உங்கள் விஷயத்தில் கருப்பட்டிக்கும் லேகியத்துக்கும் கடைப் பழச்சாறுக்கும் எந்தச் சலுகையும் இல்லை.

எல்லாம் சரியாகச் செய்கிறேன், சீனியும் குறைத்துவிட்டேன். எடை நகரவே இல்லை.

தைராய்டு பாருங்கள். பிரசவத்துக்குப் பின் முதல் ஓராண்டில் தைராய்டு அழற்சி வந்து சுரப்பு குறைவது சிலருக்கு நடக்கும். சோர்வு, எடை இறங்காமை, முடி கொட்டுவது, மலச்சிக்கல் எல்லாவற்றையும் "பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான்" என்று தள்ளிவிடுவார்கள். தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.ஹெச். ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

ரத்தச்சோகையும் பாருங்கள். அசதியாக இருக்கும்போதெல்லாம் தெம்புக்கு இனிப்பைத் தேடுவோம். பச்சரிசி, ஐஸ் கட்டி, சாம்பல் இவற்றைக் கடிக்கத் தோன்றினால் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கிறார்கள். அதை டீயோடு விழுங்காதீர்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது.

இனிப்பு சாப்பிட்டால்தான் கொஞ்சம் அழாமல் இருக்க முடிகிறது.

இந்தக் கேள்விக்கு டீ ஸ்பூன் கணக்கு பதில் இல்லை. பிரசவமான முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு நடக்கும், தானாகப் போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை, குழந்தையைத் தொடவே தோன்றாமை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமை என்று இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் உண்டு, குணமும் உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய சிகிச்சையும் உண்டு. மகப்பேறு டாக்டரிடமே சொல்லலாம். வீட்டில் யாரிடமும் பேச முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அது அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எப்போதும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். உங்களுக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளாமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எடை, இனிப்பு எல்லாம் அதுவரை ஓரமாக இருக்கட்டும்.

மாமியார் ஆசையாகச் செய்து தருகிறார். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது.

"வேண்டாம் அத்தை" என்று சொல்லாதீர்கள். "அத்தை, நீங்கள் வைக்கிற பூண்டுக் குழம்பு இன்னொரு நாள் வேண்டும்" என்று கேளுங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மருமகளைப் பார்த்து எந்த மாமியாரும் வருத்தப்பட்டு நான் கண்டதில்லை. அவருக்கு வேண்டியது தன் கையால் செய்ததை நீங்கள் சாப்பிடுவது. அது பால்கோவாவாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பால்கோவாவே வந்துவிட்டால் ஒரு ஸ்பூன் அவர் முன்னாலேயே ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை மகனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த வழி எங்கள் வீட்டில் வேலை செய்தது. என் வீட்டுக்காரருக்கு மூன்று கிலோ ஏறியது.

இரண்டு வாரம் ஒழுங்காக இருந்தேன். நேற்று அண்ணன் மகனுக்குப் பெயர் வைத்தார்கள். ஒரே மூச்சில் ஐந்து லட்டு. எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. அதை ஈடுகட்ட இன்றைக்குப் பட்டினி கிடந்தால்தான் கதை மறுபடி ஆரம்பிக்கும். காலையில் வழக்கமான முட்டை அல்லது அடை, வழக்கமான சாப்பாடு, கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர். தராசில் இரண்டு நாளைக்கு ஏற வேண்டாம். ஏறினால் கூடியதாகக் காட்டும் எடையில் பாதி தேங்கிய நீர்தான், ஆனால் அழுகை முழுசாக வரும்.

நேற்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். விசேஷ வீட்டில் குழந்தையை யாராவது மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே இருப்பார்கள், நமக்குப் பந்தியில் இடம் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை பக்கத்தில் இருந்தது லட்டுத் தாம்பாளம் மட்டும்தான் என்றால், அடுத்த விசேஷத்துக்குப் பையில் டயப்பரோடு ஒரு கைப்பிடி கடலையும் போகட்டும்.

அவர்கள் தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்பிய லட்டை இன்றைக்கே மாடி வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். தூக்கைக் கையோடு வாங்கி வாருங்கள். என் அண்ணி வீட்டுத் தூக்கு ஒன்று அப்படிப் போனது இன்னும் திரும்பி வரவில்லை.